யார்மிலாவின் குப்பைத்தொட்டி

"எத்தனை கிலோ, பானி யார்மிலா?"

"எழுபத்தெட்டு. போன வாரம் கசகசா கேக் தின்னதுல எண்பது ஆகியிருக்கும்."

போஹுஷ் நடத்தும் பீர்க்கடையில் இந்தக் கேள்வியும் பதிலும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கின்றன. கேட்கிறவன் பானி, அதாவது திருமதி, யார்மிலா கோட்னாவின் எடையைக் கேட்கவில்லை. எங்கள் டவுனில் அந்தந்தக் காலத்தில் ஆடுகிற பெண், இப்போது வியோலா, இந்தத் தடவை டென்னிஸ் மட்டைக்கு நரம்பை எத்தனை கிலோ இறுக்கத்தில் கட்டச் சொன்னாள் என்பதுதான் கேள்வி. வழக்கமான இறுக்கம் என்றால் கை திடமாக இருக்கிறது. தளர்த்தச் சொல்லியிருந்தால் தோளோ முழங்கையோ வலிக்கிறது. அது தெரிந்துவிட்டால் கடை மூலையில் இருக்கும் பந்தய இயந்திரத்தில் எந்தப் பெயரை அமுக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

யார்மிலா முப்பத்தொரு வருஷமாக டென்னிஸ் சங்கத்தின் கேலரிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையில் மட்டைக்கு நரம்பு கட்டுகிறார். அதற்கு முன்னால் உடுப்பு ஆலையில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். ஆலையை மூடினார்கள். சங்கத்தில் துணி துவைக்க வந்தார். அப்போது நரம்பு கட்டிக்கொண்டிருந்தவர் குடித்துவிட்டு ஒரு வாரம் வரவில்லை. யார்மிலா கெட்டுப்போன பழைய மட்டை ஒன்றை எடுத்து, எல்லா நரம்பையும் அவிழ்த்து, திரும்பக் கட்டிப் பார்த்தார். நான்காவது தடவை சரியாக வந்தது. குடிகாரர் திரும்பி வந்தபோது அந்த நாற்காலி அவருடையதாக இல்லை. யார்மிலாவின் புருஷன் ஹாக்கிப் பந்தயத்தில் வீட்டுக் காரைத் தோற்றவர். அவரையும் அவர் ஹாக்கி பார்த்த தொலைக்காட்சிப் பெட்டியையும் யார்மிலா ஒரே நாளில் வெளியே வைத்தார். பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அந்த அறையில் எழுதாத விதி ஒன்று உண்டு. யாருடைய மட்டையைப் பற்றியும் யாரிடமும் பேச்சு கிடையாது. இறுக்கத்தைக் காட்டும் முள் மீது எப்போதும் ஒரு துண்டு தொங்கும். டென்னிஸ் போட்டிகளை நடத்தும் மேலிடத்தில் எழுதின விதியும் உண்டு: ஆடுகிற பெண்ணின் உடம்பு எப்படி இருக்கிறது என்ற செய்தி சங்க ஆள் யார் மூலமாவது பந்தயக்காரர் காதுக்குப் போனால், அந்த ஆளுக்கு வாழ்நாள் தடை. யார்மிலா அந்த விதியைப் படித்ததில்லை. தேவைப்படவில்லை.

இனி என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் லூபோர். டவுனிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் ஹனா சமவெளியில் பார்லி விளையும் கிராமம். அப்பா கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார், அம்மா கோழிப் பண்ணையில். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். புள்ளியியலில் முதுகலை. எங்கள் நாட்டில் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். பொறியியல் படித்தவர் சாகும்வரை இன்ஜினியர், என்னைப் போன்றவன் மகிஸ்தர். சான்றிதழ் வந்த அன்றே அம்மா வாசல் மணிக்கு மேலே புதுப் பித்தளைத் தகடு அடித்தார். தபால்காரர் அதைப் படித்துவிட்டுத் தொப்பியைத் தொட்டாராம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சும்மா வந்த தகடு இல்லை அது.

பெண்கள் டென்னிஸில் யார் ஜெயிப்பாள் என்று முன்கூட்டி எழுதுவது என் வேலை. பந்தயம் கட்டுகிறவர்கள் படிக்கும் இணையதளத்தில் தினம் இரண்டு ஆட்டம். போஹுஷ் கடையில் முதலில் சிரித்தார்கள். "பொம்பளைங்க டென்னிஸ் சீட்டுக் குலுக்கற மாதிரிப்பா. அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி?" என்றார் போஹுஷ். நான் ஆறாயிரம் ஆட்டங்களின் கணக்கை ஓர் அட்டவணையில் வைத்திருக்கிறேன்: இரண்டாவது சர்வீஸில் யார் எத்தனை புள்ளி எடுக்கிறாள், செம்மண் தரையில் எப்படி, முந்தின நாள் எத்தனை மணி நேரம் ஆடினாள். நூறு தடவை சொன்னால் அறுபத்தாறு தடவை சரியாக வந்தது. சிரிப்பு நின்று, ஒரு பீர் என் கணக்கில் இல்லாமல் வர ஆரம்பித்தது.

போன ஜூனில் எங்கள் சங்கத்தின் போட்டியில் வியோலா இறுதி ஆட்டத்துக்கு வந்தாள். எதிரே ஒரு ருமேனியாக்காரி. அட்டவணை வியோலாவுக்கு நூற்றுக்கு அறுபத்துமூன்று கொடுத்தது. அதை அப்படியே எழுதியிருந்தால் இந்தக் கதை இல்லை.

சனிக்கிழமை மதியம் அரையிறுதி முடிந்ததும் யார்மிலா சாப்பிடப் போன நேரம் பார்த்து, அறைக்குப் பின்னால் நிற்கும் பச்சைக் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். எனக்கு முன்னால் பலர் திறந்த தொட்டிதான் அது. பழைய நரம்பை வெட்டி அதில்தான் போடுவார். புது நரம்பு கட்டி மிஞ்சிய முனைகளும் அதில்தான். உள்ளே கறுப்பு நரம்பு கொத்தாகக் கிடந்தது. கெட்டியான அந்தக் கறுப்பு வியோலாவுடையது, டவுனுக்கே தெரியும். அதோடு சேர்ந்து வெளிர்மஞ்சள் முனைகள் ஐந்தாறு. தொட்டுப் பார்த்தேன். மாட்டுக் குடலில் செய்த மெத்தென்ற நரம்பு. கை வலிக்கிறவர்கள்தான் அதைக் கட்டச் சொல்வார்கள்.

கறுப்பை வெட்டிவிட்டு மஞ்சளைக் கட்டியிருக்கிறார். வியோலாவுக்குத் தோள் போய்விட்டது.

நான்கு மணிக்கு எழுதினேன்: ருமேனியாக்காரிதான் ஜெயிப்பாள், வியோலாவின் தோள் சரியில்லை. தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றது. குப்பைத்தொட்டி என்று ஒரு மகிஸ்தர் எப்படி எழுதுவது? 'சங்கத்தின் நம்பகமான வட்டாரம்' என்று எழுதினேன். வாக்கியம் கம்பீரமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பந்தய விகிதம் புரண்டது. வியோலா ஜெயித்தால் நூறு கொருனாவுக்கு நூற்று நாற்பத்தைந்து தருவதாக இருந்தவர்கள் இருநூறு தருவதாகச் சொன்னார்கள். போஹுஷ் கடையில் பாதிப் பேர் சொந்த ஊர்ப் பெண்ணுக்கு எதிராகக் கட்டினார்கள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் செய்தியாளர் அட்டை வாங்கப் போனேன். சங்க மேலாளர் இன்ஜினியர் ஹனாக்கின் அறைக் கதவு திறந்திருந்தது. யார்மிலா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேசையில் என் கட்டுரை, அச்செடுத்தது.

"மேலிடத்துலேருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க," என்றார் ஹனாக். "வியோலா மட்டையைத் தொடறது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னீங்களா?"

"இல்லை."

"சரி. அப்ப இதுல இருக்கறது பொய்யா? அவளுக்கு மெத்து நரம்பு கட்டினீங்களா, இல்லையா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"ஆமான்னு சொன்னாலும் அது அவ மட்டையைப் பத்தின பேச்சு. இல்லைன்னு சொன்னாலும் அவ மட்டையைப் பத்தின பேச்சுதான். ரெண்டும் இந்த வாயிலேருந்து வராது."

"நான் மேலாளர்ம்மா!"

"மேலாளராவே இருங்களேன். உங்க மட்டையைப் பத்தி யாராவது கேட்டாலும் இதேதான் சொல்வேன். நீங்க ஆடற லட்சணத்துக்கு யாரும் கேக்கப் போறதில்லை, அது வேற."

ஹனாக்கின் கழுத்து சிவந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "வாங்க மகிஸ்தர். நீங்களே சொல்லுங்க. யாரு அந்த வட்டாரம்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது இது: "எழுதறவன் ஆதாரத்தை வெளியில சொல்லக் கூடாது, இன்ஜினியர்."

யார்மிலா என்னை ஒரு தடவை பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"சாவியை வெச்சுட்டுப் போங்க," என்றார் ஹனாக். "ஆட்டம் முடியட்டும். இவர் எழுதினபடி அவ தோத்தா, சேதி உங்ககிட்டேருந்துதான் போச்சுன்னு மேலிடம் முடிவு கட்டிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

யார்மிலா சாவியை வைக்கவில்லை. மேசைமேல் போட்டார். அது சறுக்கிக் கட்டுரைமேல் நின்றது.

ஆட்டம் ஒரு மணிக்கு. யார்மிலா வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மூன்றாவது வரிசையில், வெயிலில், மடியில் சாஸேஜ் வைத்த காகிதத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். சீட்டு வாங்கிக்கொண்டு. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக மேலேயிருந்து ஆட்டம் பார்க்கிறார். கால்கள் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தின.

"உக்காருங்க மகிஸ்தர் ஐயா. சாஸேஜுக்குக் கடுகு விழுது வேணுமா? இவங்க நிறையவே வெச்சுட்டாங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பானி யார்மிலா."

"நீயும்தான்."

நான் கடுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தொட்டி மூடியோட கைப்பிடி எப்பவும் சுவர்ப் பக்கம் இருக்கும்," என்றார், கண்ணை ஆடுகளத்திலிருந்து எடுக்காமல். "நேத்து ரோட்டுப் பக்கம் திரும்பி இருந்துச்சு. உன் சட்டைக் கையில பச்சைப் பெயின்ட். மூணு வருஷமா அந்தத் தொட்டிக்குப் பெயின்ட் காயவே மாட்டேங்குது."

"தெரிஞ்சும் இன்ஜினியர்கிட்ட என்னைக் காட்டிக் குடுக்கலையே?"

"குப்பையில பாத்தான்னு சொன்னா, குப்பையில என்ன இருந்துச்சுன்னு கேப்பார். அது யாரோடதுன்னு கேப்பார். ஒரு கதவைத் திறந்தா அப்புறம் வீடே திறந்துதான் கிடக்கும்."

"கோபம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. சாப்பிட்டுட்டுக் கோபப்படறேன்."

வெயில் கூசியதில் வியோலாவின் மட்டை நரம்பு என்ன நிறம் என்று அங்கிருந்து தெரியவில்லை. முதல் செட்டை ருமேனியாக்காரி 6-3 என்று எடுத்தாள். பின்வரிசையிலிருந்து போஹுஷ் என் தோளைத் தட்டி, "படிப்புன்னா படிப்புதான்டா!" என்றார். எனக்குள் பெருமை எழும்பிப் பக்கத்தில் இருந்த யார்மிலாவைப் பார்த்ததும் படுத்துக்கொண்டது. வியோலா தோற்றால் நான் சரி. நான் சரி என்றால் யார்மிலாவுக்கு அந்த அறை இல்லை.

இரண்டாவது செட் வியோலாவுக்கு, 6-4. மூன்றாவதில் மூன்றுக்கு மூன்று என்றிருந்தபோது அவள் மட்டையில் நரம்பு அறுந்தது. அடுத்த மட்டையை எடுத்தாள். அந்த கேமிலேயே அதுவும் அறுந்தது. கேமும் போயிற்று. இப்போது 3-4. பையில் ஒன்றுதான் மிச்சம். அறுந்ததில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும்படி களத்தோரம் நீட்டினாள். வாங்கின சங்கப் பையன்கள் கேலரிக்கு அடியில் ஓடி, பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பி ஓடி வந்தார்கள்.

ஹனாக் அந்த மட்டையை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கேலரிப் படியேறி வந்தார். ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

"பானி கோட்னா, கொஞ்சம் வாங்க."

"யாரை? சாவி இல்லாதவளையா?"

"வேற ஆள் இல்லை."

"அது எனக்கு முப்பத்தொரு வருஷமாத் தெரியும்."

ஹனாக் சாவியை நீட்டினார். யார்மிலா எழுந்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்து, மட்டையை மட்டும் வாங்கினார். "கதவை நீங்களே திறங்க. காலையில மூடினது நீங்கதானே."

படி இறங்கும்போது கேலரி முழுக்க வழிவிட்டது. அறுபத்தோரு வயது, எழுபத்தெட்டு கிலோ, ஓடவில்லை. வேகமாக நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அறையில் துண்டை முள்மேல் நன்றாக இழுத்துவிட்டார். மட்டையை இயந்திரத்தில் பூட்டினார். முதுகு எங்கள் பக்கம், நரம்பின் நிறம்கூடத் தெரியாதபடி. மேலே கைதட்டல் கூரை வழியாக அதிர்ந்தது. துண்டு இல்லாவிட்டால் நான் நின்ற இடத்திலிருந்தே அந்த எண்ணைப் படித்திருக்கலாம். அந்த எண்ணுக்காகத்தான் இந்த டவுன் முப்பது வருஷமாக அலைகிறது. நான் அவர் கைகள் அசைவதை மட்டும் பார்த்தேன். ஒரு நரம்பை உள்ளே விட்டு, மறு பக்கம் வாங்கி, இழுத்து, பூட்டி, அடுத்தது. வேலையை இழக்கப்போகிற கை மாதிரியே இல்லை.

"இன்ஜினியர்," என்றேன். "அந்த நம்பகமான வட்டாரம் குப்பைத்தொட்டிதான்."

"என்னது?"

"வெளியில நிக்குதே, பச்சைத் தொட்டி. அதுல கையை விட்டுத் துண்டு நரம்பைப் பாத்து நானா ஊகிச்சேன். இவங்க ஒரு வார்த்தை சொல்லலை. யாரும் சொல்லலை."

"முதுகலை படிச்ச ஆளு, குப்பையில..."

"ஆமாம்."

அப்போது ஆட்டம் 3-5. வியோலா தோற்றிருந்தால், எழுதினது பலித்த ஆள் என்று நான் ஊருக்குள் நடந்திருக்கலாம். அந்த அறையில் அதை எறிந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் அந்த இரண்டு நாளில் நான் சரியாகச் செய்தது.

"பேசறதா இருந்தா வெளியில போய்ப் பேசுங்க," என்றார் யார்மிலா, திரும்பாமல். "இங்க வேலை நடக்குது."

பதினேழு நிமிஷம். மட்டை மேலே போனபோது வியோலா மிச்சமிருந்த ஒற்றை மட்டையோடு 5-5க்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். புதிதாகக் கட்டினதை வாங்கி, உள்ளங்கையால் நரம்பில் ஒரு தட்டு தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். கேலரிக்கு அடியிலிருந்த கதவுப் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். 7-5.

சாயங்காலம் போஹுஷ் கடையில் செத்த வீடு மாதிரி இருந்தது. சொந்த ஊர் ஜெயித்ததற்கு இப்படி ஒரு துக்கம் எங்கேயும் நடந்திருக்காது. குப்பைத்தொட்டிச் சேதி எனக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டிருந்தது. யாரோ தட்டில் எங்கள் ஊர் நாற்றப் பாலாடைக்கட்டியை வைத்து என் பக்கம் தள்ளினார்கள். "தின்னு. உனக்குப் பழக்கமான வாசனைதான்."

மாட்டு டாக்டர் செட்லார் மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லூபோர், அந்தக் குப்பையில என்ன நிறத்துலடா பாத்தே?"

"வெட்டின கறுப்பு, டாக்டர். கூடவே மஞ்சள் முனை."

"மாட்டுக் குடலா?"

"ஆமாம்."

"அட முட்டாளே! அது என் மட்டைடா!" மேசையை அடித்தார். "வியோலா கட்டற கறுப்பையே எனக்கும் கட்டுங்கன்னு போன வருஷம் கேட்டு வாங்கினேன். முழங்கை போச்சு. வெள்ளிக்கிழமைதான் எடுத்துட்டு மெத்துசா கட்டச் சொன்னேன். நேத்துக் காலையில கட்டி முடிச்சாங்க!"

"அப்ப நீங்க யாருமேல கட்டினீங்க?" என்றார் போஹுஷ்.

டாக்டர் பீரைக் குடித்தார். நுரையைத் துடைத்தார். "ருமேனியாக்காரி மேல."

கடை வெடித்தது. தன் மட்டையிலிருந்து வெட்டின நரம்பை நம்பித் தன் பணத்தைத் தோற்ற மனுஷன் ஹனாவில் அவர் ஒருத்தர்தான். என் அட்டவணை அறுபத்துமூன்று என்று சொல்லியிருந்தது. நான் படித்த படிப்பு என்னை ஏமாற்றவில்லை. அதை விட்டுவிட்டுத் தொட்டியில் கைவிட்டவன் நான். கிராமத்தில் அப்பா கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் யார்மிலா வந்தார். வழக்கமான மூலை, வழக்கமான சின்ன பீர். அவர் பின்னாலேயே ஹனாக். சாவியை யார்மிலாவின் மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு வந்துடுங்க, பானி கோட்னா."

"காலையில எத்தனை பேர் முன்னாடி வாங்கினீங்க?"

"...இவர் ஒருத்தர் இருந்தார்."

"இவர் எழுதினது எத்தனை பேர் படிச்சாங்க?"

ஹனாக் கடையைச் சுற்றிப் பார்த்தார். இருபது தலைகள் அவரைப் பார்த்தன. தொண்டையைச் செருமினார். "பானி கோட்னா யார்கிட்டயும் எதுவும் சொல்லலை. தப்பு என்னோடது. மேலிடத்துக்கும் எழுத்துல அனுப்பிட்டேன்."

"கடைசி மேசைக்குக் கேக்கலை."

ஹனாக் திரும்பச் சொன்னார், இந்தத் தடவை மைதானத்தில் பேசுகிற குரலில்.

யார்மிலா சாவியை விரலால் அவர் பக்கமே தள்ளினார். "இது ஒரு தடவை கைமாறின சாவி. நாளைக்குப் புதுப் பூட்டு வாங்கிட்டு வரேன். அதுக்கு ஒரே சாவி. அது என்கிட்ட இருக்கும். சம்மதம்னா வரேன்."

"சம்மதம்."

"அப்ப உக்காருங்க. குடிக்கிற இடத்துல நின்னுக்கிட்டு இருக்காதீங்க."

டாக்டர் செட்லார் பொறுக்கவில்லை. "எல்லாம் முடிஞ்சுதே, பானி யார்மிலா. இப்பவாவது சொல்லுங்க. வியோலாவுக்கு எத்தனை கிலோ? தோள் வலி இருந்துச்சா, இல்லையா?"

"எழுபத்தெட்டு," என்றார் யார்மிலா.

இன்றுவரை எனக்குத் தெரியாது. வலது கையால் ஆடுகிற வியோலா வெற்றிக்கோப்பையை இடது கையால்தான் தூக்கினாள். அதையும் நான் எங்கேயும் எழுதவில்லை.

திங்கட்கிழமை மதியம் சங்கத்துக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு. யார்மிலா வெளியே குந்தி உட்கார்ந்து, தொட்டியின் பச்சைமேல் வெள்ளைப் பெயின்டில் எழுதிக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசி எழுத்தை முடித்துத் தூரிகையை எடுத்தார். பெரிய எழுத்தில், ரோட்டிலிருந்தே படிக்கிற மாதிரி:

சங்கத்தின் நம்பகமான வட்டாரம்.

"பிழை ஒண்ணும் இல்லையே, மகிஸ்தர் ஐயா?" என்றார். "படிச்சவர் பாத்துச் சொல்லுங்க."

கிட்டப் போய் முழுதாகப் படித்தேன். "இல்லை, பானி யார்மிலா," என்றேன். "எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப தள்ளி நில்லுங்க. பெயின்ட் ஈரம்."